அவிழ்க்காத வேப்பங்குழை

நான் ஊரறிந்த வாயாடி. மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஆத்தா பெயரில் ஒரு பொய்யை வாசலில் கட்டித் தொங்கவிட்டேன் என்றால் அன்றைக்கு எனக்கிருந்த பயத்தை நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

சீமையில் பெரிய சண்டை முடியப்போகிற வருஷம். ஐப்பசி மழையோடு விஷக்காய்ச்சலும் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் பிணம் எரிகிற புகை அடங்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து என் நாலு வயது மகனுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தது. அவன் அப்பா கருப்பட்டி வாங்கத் திசையன்விளைக்குப் போய் இருபது நாளாயிற்று. வீட்டில் நானும், அவருடைய அக்காவான என் மதினியும்தான். வாசலில் வேப்பங்குழை கட்டினோம். குழை தொங்குகிற வீட்டுக்குள் வெளியாள் காலெடுத்து வைக்கமாட்டார்கள்.

கீழவீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அம்மை கண்டு எழுந்த மறு வாரமே விஷக்காய்ச்சல் கண்டது. மூன்றே நாள், மூச்சு முட்டிச் செத்துப்போனாள். இளையவனுக்கு அம்மை வரவில்லை, வெறும் ஜலதோஷம். மூக்கு ஒழுக அக்கா பாயிலேயே புரண்டுகொண்டிருந்தான், அவனைக் காய்ச்சல் தொடவே இல்லை. ஒரு நோய் உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்ததை உள்ளே விடாது போல. இன்னொன்று தான் போகும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் போல. ஏன் அப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் பிள்ளை திறந்து கிடக்கிற வீடு என்பது மட்டும் தெரிந்தது.

பிள்ளைக்கு அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பியான பிறகு, மதினி குழையை அவிழ்க்கப் போனாள். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"தொடாதிய மதினி. இது தொங்குற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரமாட்டாக."

"ஆத்தா பேர்ல பொய்யாளா? கண்ணக் கெடுத்துருவா!"

"என் கண்ணக் கெடுக்கட்டும். பிள்ள இருந்தாப் போதும்."

மதினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குழை காய்ந்தது. நான் புதுக்குழை ஒடித்துக் கட்டினேன்.

நாலு நாள் கழித்து மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. அடுக்களையிலிருந்து ஓடிவந்தேன். அவர்தான். இறங்கினவர் வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இருமினார். அந்த இருமலைக் கீழவீட்டில் மூன்று நாள் கேட்டிருக்கிறேன்.

அவர் குழையைப் பார்த்தார். "பிள்ளைக்கா?"

"ஆமா, அம்மை. இன்னும் இறங்கல."

கட்டின புருஷனிடம் சொன்னேன். உள்ளே, பத்தடி தள்ளி, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். உண்மையை ஒரு சொல் சொன்னால் போதும், அவர் படியேறி வந்து பாயில் விழுந்துவிடுவார். நான் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்ப நான் வரப்பிடாது" என்று சொல்லிவிட்டு, தெருக்கோடியில் இருந்த எங்கள் வண்டிக்கொட்டகைக்குப் பைய நடந்துபோனார். மதினி பாயைச் சுருட்டிக்கொண்டு தம்பி பின்னாலேயே போனாள். போகும்போது, "நீ பிள்ளையப் பாரு" என்றாள்.

கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டு வருவேன். நாலாம் நாள் அவர் சட்டியில் கஞ்சி அப்படியே இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. வெளியே நின்றபடியே கத்தினேன்.

"நான் பொய் சொல்லிட்டேன். ஆத்தா அன்னைக்கு முன்னாலயே இறங்கிட்டா!"

உள்ளேயிருந்து அவர் குரல் விட்டுவிட்டு வந்தது.

"தெரியும்ளா. வண்டிய விட்டு இறங்கயிலேயே உள்ள கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அம்மை கண்ட வீட்டுல தாளிப்பாகளா?"

"சிவனே! தெரிஞ்சுமா போனிய?"

"நீ பயந்தது மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. பிள்ள சாப்பிடுதானா?"

"ரெண்டு வாய் தின்னான்."

"நடக்கானா?"

"சுவரப் பிடிச்சுக்கிட்டு நடக்கான்."

"அப்ப நீ இங்கன நிக்காத. போ."

மறுநாள் உச்சிப்பொழுதில் அவர் போய்விட்டார். தலைமாட்டில் மதினி மட்டும்தான் இருந்தாள்.

மழையில் நாலு பேர் வந்து, கொள்ளி வைக்கப் பிள்ளையைக் கேட்டார்கள். மகன் இருக்க வேறொருவன் கொள்ளி வைக்கலாமா என்றார்கள். வாசலை மறித்து நின்றுகொண்டு, தரமாட்டேன் என்றேன். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். புருஷனுக்குக் கொள்ளிகூடக் கொடுக்காத பாவி என்று தெரு முழுக்கத் தூற்றியது, என் காதுபடவே. தூற்றட்டும். அன்றைக்கு அவருக்கு வாயிருந்தால் எனக்கு முன்னால் அவரே தரமாட்டேன் என்றிருப்பார்.