நீச்சல் தெரியாதவர் தேர்ந்தெடுத்த நாய்

என் தங்கையின் கணவருக்கு நீச்சல் தெரியாது. குட்டை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். இதை மறைத்து மறைத்தே அந்த மனிதர் பாதி ஆயுசைக் கழித்துவிட்டார், நானும் சேர்ந்து மறைக்க வேண்டாம். பதினாறு வருடமாகச் சரக்குப் படகு ஓட்டுகிறவர். வீடும் அதிலேயேதான்: பின்பக்கம் இரண்டு அறை, ஆள் திரும்பினால் இடிக்கும் ஒரு சமையலறை, செங்குத்தாக ஒரு கம்பிப் படி. படகுத்துறையில் எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேப்டன் தண்ணீரில் விழுந்தால் கல்லாட்டம் அடிக்குப் போய்விடுவார் என்று யாருக்குத் தெரியும்? அதே துறையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற எனக்கே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் ஒரு ஆற்றையே மறைத்திருந்தார்.

அவர் மகளுக்கு எட்டு வயது. நாய் வேண்டும் என்று அவள் கேட்டதும், செருப்பு வாங்குவதற்கே மூன்று நாள் யோசிக்கிற மனிதர் அன்றைக்கே சரி என்றுவிட்டார். பிள்ளைப் பாசம் என்று நினைத்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. படகின் ஓரத்தில் ஓர் அடி அகலத்தில்தான் நடைபாதை. அதில் அவள் ஓடும்போதெல்லாம் அவர் கண் அவள் காலிலேயே இருக்குமாம். அவள் தவறி விழுந்தால் தன்னால் குதிக்க முடியாது, ஒரு நாயாவது குதிக்கட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

நாய்க் காப்பகத்துக்கு நானும் போனேன். அங்கிருந்த அம்மா படகுக் குடும்பங்களுக்கு நாய் கொடுத்துப் பழகியவர். முற்றத்தில் ஒரு பழைய டீசல் மோட்டாரும், எங்கிருந்தோ பெயர்த்து வந்த கம்பிப் படியும் வைத்திருந்தார்.

"எஞ்சின் சத்தத்துக்கு நடுங்கக் கூடாது. கம்பிப் படியில கால் வைக்கணும். போற வர்ற படகையெல்லாம் பாத்துக் குரைக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, ஒத்தக் கையால தூக்குற அளவுல இருக்கணும்" என்றார்.

ஒரு காது மடங்கிய, குட்டைக்கால் நாய் ஒன்று நாலிலும் தேறியது. மோட்டார் ஓடும்போதே அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. மகள் அதைக் கீழே விடவே இல்லை.

"ஏங்க, இதையே எடுத்துக்கலாம்" என்றாள் தங்கை.

அவர் பார்வை வேறெங்கோ இருந்தது. முற்றத்துத் தொட்டியில் இடுப்புயரக் கறுப்பு நாய் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

"அதுதான் வேணும்."

"அதுவா? நம்ம வீட்டுல அது திரும்புறதுக்கே இடம் பத்தாதே."

"ஏத்துங்க மாப்பிள்ளை. சரக்குலதான் கொஞ்சம் கொறைச்சுக்கணும்" என்றேன் நான். வாய்க்கொழுப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

காப்பகத்து அம்மா சிரிக்கவில்லை. "பெரிய நாய் நல்லா நீந்தும். ஆனா படகோட பக்கம் சுவராட்டம் நிக்குது, அதால ஏற முடியாது. யாராவது தண்ணியில இறங்கி, பின்னாலேருந்து தூக்கிவிடணும். உங்கள்ல யாரு இறங்குவீங்க?"

"எனக்கு நீச்சல் வராதுங்க" என்றாள் தங்கை. அதைச் சொல்ல அவள் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

"நான் இறங்குவேன்" என்றார் அவர், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"எங்க மாப்பிள்ளை மீன் மாதிரிம்மா" என்று நான் வேறு ஒத்து ஊதினேன். அவர் நீந்தி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காததைச் சாட்சி சொன்ன வாய் இது.

நாய்க்குக் குண்டன் என்று பெயர் வைத்தார்கள். கம்பிப் படியில் அவனை இறக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் நல்ல நாய். அவர் சுக்கான் பிடிக்கும்போது காலடியில்தான் படுத்திருப்பான். மூன்றாவது வாரம், படகைத் துறையில் கட்டிப்போட்டிருந்த ஒரு மத்தியானம், தங்கை கடைக்குப் போயிருந்தாள். தண்ணீரில் மிதந்து போன பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் பார்த்துக் குண்டன் குதித்துவிட்டான்.

நன்றாகத்தான் நீந்தினான். கேனை வாயில் கவ்விக்கொண்டு திரும்பியும் வந்தான். ஏறத்தான் முடியவில்லை. பக்கவாட்டில் தொங்கிய பழைய டயர்களைப் பிறாண்டிப் பார்த்தான், வழுக்கியது. சுற்றிப் போய் மறுபடி வந்தான். ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடத்துக்கே வந்து அண்ணாந்து பார்த்தான். கேன் எப்போதோ வாயைவிட்டுப் போயிருந்தது. தலை தாழத் தொடங்கியது.

"அப்பா, இறங்குங்கப்பா" என்றாள் மகள்.

அவர் சட்டையைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். அதற்குமேல் கழற்ற ஒன்றுமில்லாமல் ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க இறங்கலன்னா நான் இறங்குறேன்" என்று அவள் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டாள். படகு கட்டியிருந்ததால் மிதவைச் சட்டைகூடப் போட்டிருக்கவில்லை. அவர் அவளை இழுத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு படகு தள்ளி எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், எனக்கு நீச்சல் தெரியாது. சீக்கிரம் வாங்க."

துறையில் இருபது பேராவது இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "எனக்கும் எஞ்சின் வேலை தெரியாது மாப்பிள்ளை" என்று திருப்பிக் கத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். மூட்டை இறக்குகிறவர்களும் சிரித்தார்கள். பதினாறு வருடம் தொண்டையிலேயே வைத்திருந்ததை மனிதர் ஒரு வழியாகக் கக்குகிறார், நாங்கள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டோம். அவர் மறுபடி அதையே சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் ஓடிப் போய்க் குதித்தேன். குண்டனைப் பின்னாலிருந்து தள்ள, மேலேயிருந்து இரண்டு பேர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தளத்தில் கிடந்து தண்ணீராகக் கக்கினான். பிழைத்துக்கொண்டான்.

தங்கை பையோடு வந்தபோது அவர் சமையலறையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். நடந்ததை நான் சொன்னேன். அவள் பையை இறக்கி வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?" என்றார் அவர், திரும்பாமல்.

"கல்யாணம் ஆன வருஷமே தெரியும். தண்ணிப் பக்கம் குனியும்போதெல்லாம் ஒரு கை எதையாவது பிடிச்சிருக்கும். அதனாலதான் அந்தக் குட்டி நாயக் கேட்டேன். விழுந்தாலும் நீங்க மேலேருந்தே வலையால அள்ளிடலாம், யாருக்கும் தெரியாதேன்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கூனிக் குறுகிப் போனார் மனிதர். எனக்கும் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் வெளியே போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். "குண்டன நாளைக்குக் காப்பகத்துல விட்டுடுவோம்மா. அவன் விழுந்தா அப்பாவால தூக்க முடியாது. அப்பா அங்க பொய் சொல்லிட்டேன்."

அவள் யோசித்தாள். "நான் விழுந்தாலும் உங்களால முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப என்னையும் எங்கயாவது விட்டுடுவீங்களா?"

குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை குண்டன் காப்பகத்துக்குப் போகவில்லை. அவர்தான் என் பட்டறைக்கு வந்தார். அங்கே கிடந்த போல்ட் நட்டையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"மச்சான், தண்ணி கழுத்தளவுக்கு மேல போகாத இடம் ஏதாவது இருக்கா? ஆளுங்க பாக்காத இடமா."

துறை முழுக்கக் கேட்ட பிறகு இனி யாருக்கு ஒளிக்கிறீர்கள் மாப்பிள்ளை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இருக்கு. வாங்க போகலாம்" என்றேன்.