பளபளப்பு வேண்டாத வேன்: பம்பாயிலிருந்து திருநெல்வேலிக்கு

அறுபதுகளின் நடுவில், ஒரு டிசம்பரில் நாங்கள் பம்பாயிலிருந்து திருநெல்வேலிக்கு வேனில் போனோம். ஓட்டியது என் மனைவி கோமதி. நான் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். 'பொம்மனாட்டி ஓட்டிண்டு வந்து சேர்ந்தாப்பலதான்' என்று அவள் அண்ணா ஊரிலிருந்து எழுதியிருந்தார். அந்த வரியை அவள் மறக்கவில்லை.

வேன், ஏலத்தில் எடுத்த பழைய டிஸ்பென்சரி வண்டி. உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு ஸ்டவ், தண்ணீர் டிரம். குறை ஒன்றுதான். ஜன்னல் சட்டங்களெல்லாம் அலுமினியம். சாயங்கால வெயில் பட்டால் ஓட்டுபவர் கண்ணில் அடிக்கும். "கண்ணு கூசறது, ரோடே தெரியலை" என்று மூன்று வாரமாகச் சொன்னாள். "சலேகா, பரவாயில்லை, பழகிடும்" என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வர்ணம் அடிக்காமல் கிளம்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு, சனிக்கிழமை முதல்.

நாங்கள் குடியிருந்த மாதுங்காவிலிருந்து தாராவி ஒன்றரை மைல். அங்கே திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கத்து ஞானமுத்து என்ற பெயிண்டரைப் பிடித்தோம். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய். "அலுமினியத்துல சும்மா பூசுனா வெங்காயத் தொலி மாதிரி உரிஞ்சிரும்யா" என்றார். செவ்வாயன்று எமரித் தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மஞ்சள் பிரைமர். புதனும் வியாழனும் கரும்பச்சை எனாமல். பக்கத்துக் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் சூளை மூட்டினால் கரி பறந்து ஈர வர்ணத்தில் ஒட்டுமாம். அதனால் விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவார். ஓரங்களில் ஒரு பிசிறு இல்லை. அப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை.

"ஏக்தம், அப்படியே கண்ணாடிய்யா!" என்றார் ஞானமுத்து. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு செம்பூர் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். சயான் தாண்டியதும் கோமதி ஓரங்கட்டினாள். பச்சைச் சட்டமும் பழையபடியே மின்னியது. "பளபளப்பை எடுத்துடுங்கோ" என்றாள்.

ஞானமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. "மினுக்கம் போச்சுன்னா எம்பேரு போச்சும்மா. பாக்கவன் என்ன சொல்லுவான்?"

நான் ரயிலில் போய்விடலாம் என்றேன். கோமதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க என் சீட்டுல ஏறி உக்காருங்கோ" என்றாள் அவரிடம்.

உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, துண்டால் கண்ணைத் துடைத்தார். "மூணு நாளா வெளிய நின்னே பாத்திருக்கேம்மா. தப்பு எம்மேலதான். நாளைக்கு எப்ப கெளம்புதிய?"

"அஞ்சு மணிக்கு."

அங்கேயே, எங்கள் டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்து, நைஸ் எமரித் தாளை நனைத்து, தன் வேலையைத் தானே தேய்த்தார். ஒரே சீராக, தோல் செருப்பின் உள்பக்கம் போல மங்கும்வரை. ஆறேகாலுக்கு முடிந்தது. மினுக்கியதைவிட மழுக்கியதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றியது, அவரிடமும் சொன்னேன். "எம்பேரச் சொல்லிராதிய" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டும், ஞானமுத்து.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: அலுமினியம் என்றால் பிரைமர் கட்டாயம். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காயவிடுங்கள். உள்பக்கத்துக்குப் பளபளப்பு வேண்டாம். ஏறக்குறைய ஆயிரம் மைல், ஐந்து நாள். ஐந்தாம் நாள் பகல் பதினொன்றரைக்குத் திருநெல்வேலியில் அண்ணா வீட்டு வாசலில் கோமதி ஹாரன் அடித்தாள், தேவைக்கு மேலேயே.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது முதல் நாள்தான். மாலை நாலரை மணி, சத்தாரா தாண்டி டீக்கு நிறுத்தியிருந்தோம். கோமதி முகம் கழுவப் போயிருந்தபோது அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வெயில் நேராகச் சட்டத்தில் விழுந்தது. கண் கூசவில்லை. பெயிண்டர் ஒரே சொல்லுக்கு ஏறி உட்கார்ந்த இடத்தில், மூன்று வாரமாக நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் வந்ததும் அதைச் சொன்னேன்.

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இப்போ தெரிஞ்சுதோல்லியோ? சரி, இறங்குங்கோ. நான் ஓட்டணும்."