கூடைக்குள் பதினேழு அழைப்புகள்

மலிட்டாவைப் பற்றி எழுதித் தா என்று வியாபாரிகள் சங்கத்தில் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். விடவில்லை. எல்லைக் குழுவின் செயலாளர் நீ, நீ எழுதாமல் வேறு யார் எழுதுவது என்றார்கள். செயலாளராம். லாரிகளுக்குச் சுங்கத் தாள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற முகவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என் தலையில் கட்டிவிட்ட வேலை அது. அந்த நல்ல கையெழுத்தில் நான் எழுதிய ஒரு வரி இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மலிட்டா தக்காளிக்காரி. எங்கள் கலிந்திசியில், மலாவிப் பக்கத்தில், பிறந்து வளர்ந்தவள். தினமும் காலையில் எல்லைக் கேட்டைத் தாண்டிச் சாம்பியாப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், தக்காளி வாங்கித் தலையில் சுமந்து வந்து எங்கள் சந்தையில் விற்பாள். இருபது வருட நடை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். சோதனை போடுகிறேன் என்று தக்காளியை அமுக்கிப் பார்க்கிற காவலரிடம், "அமுக்காதீங்க சார். அது தக்காளி, பூட்டு இல்ல, தொறந்துக்காது" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் சந்தைக்குள் பின்னால் எடுத்த ஒரு லாரி அவள் புருஷன் மேல் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் ஆம்புலன்ஸ் இருந்தது, அதில் டீசல் இல்லை. அந்தப் பக்கத்துப் பருத்தி ஆலைக்குச் சொந்தமாக ஓர் ஆம்புலன்ஸ் உண்டு. அங்கே பதினாறு கிலோமீட்டரில் மிஷன் ஆஸ்பத்திரியும் உண்டு. ஆலைக்காரர்கள் நல்லவர்கள், உடனே வண்டியை அனுப்பினார்கள். வெளிநாட்டு வண்டி உள்ளே வருவதற்கான தாளை எழுதி முடிப்பதற்குள் மனிதர் போய்விட்டார். குறுக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் வண்டி. நடுவில் நாற்பது அடி.

துக்கம் முடிந்த மறுவாரமே எங்கள் குழுக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தக் குழு இரண்டு நாட்டுக்கும் பொது. சுங்கம், குடியேற்றம், காவல், சுகாதாரம் என்று இரண்டு அரசாங்கத்து அதிகாரிகளும் ஒரு பக்கம். லாரி முதலாளிகள், பருத்தி ஆலை, முகவர்கள், சில்லறை வியாபாரிகள் என்று நாங்கள் ஒரு பக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே. ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும். நடுவில் பேசுவதெல்லாம் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று என் கையால் முடியும். யார் எத்தனை மணிக்கு எழுந்து என்ன சொன்னார் என்று நேரம் போட்டு எழுதுவது எங்கள் வழக்கம். எல்லைக்காரர்களுக்கு நேரம் போடாத தாள் தாளே இல்லை.

நான்கு வருடம் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினாள். நோயாளியை ஏற்ற வருகிற ஆம்புலன்ஸ் எந்த நாட்டு வண்டியானாலும் தாள் கேட்காமல் கம்பத்தைத் தூக்க வேண்டும். லாரி முதலாளிகளை ஒவ்வொருவராக வளைத்தாள். ஆலை மேலாளரை, டீசல் எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வைத்தாள். இரண்டு தலைநகரங்களிலிருந்தும் ஒப்புதல் கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துச் சுகாதார அதிகாரி சிசாலே மட்டும் மசியவில்லை. நோயாளி என்று சொல்லிக்கொண்டு எவன் எவனோ எதையோ ஏற்றிக்கொண்டு போவான், நாளைக்கு என் தலைதான் உருளும் என்றார். தன் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் இருந்தால்தான் கம்பம் தூக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நாலாவது பிரிவைச் சேர்க்கச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

மலிட்டா யோசித்தாள். பிறகு, "சேத்துக்கோங்க. சிசாலே சார் ஆபீஸ் கேட்டுலேர்ந்து முப்பதடி. ஒரு கடுதாசி வாங்க எவ்ளோ நேரம் ஆயிடப்போவுது" என்றாள். கை தட்டினோம். அவர் ஆபீஸில் இல்லாவிட்டால் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வருடம் முந்நூறு தாள் எழுதுகிற எனக்கே தோன்றவில்லை.

இன்னொன்றும் அவள் செய்ததுதான். கூட்டத்தில் ஆளாளுக்குப் போன் அடிக்கும். லாரி முதலாளி ஒருவர் நாற்காலியில் இருந்தபடியே டயர் விலை பேசுவார். ஒருநாள் மலிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. தன் தக்காளிக் கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "எல்லாரும் இதுல போடுங்க. முடிஞ்சதும் பொறுக்கிக்கலாம், நான் ஒண்ணும் வித்துட மாட்டேன்" என்றாள். காவல் அதிகாரிகூடச் சிரித்துக்கொண்டே போட்டார். அன்றிலிருந்து கூட்டம் எங்கே நடந்தாலும் கூடை வாசலில் இருக்கும். அதன் பக்கத்து நாற்காலி எனக்கு.

இப்படி முடிவான ஒப்பந்தம் ஒரு மாதம் ஒன்றாம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டது. கொண்டாட்டக் கூட்டம் அதே மாதம் ஒன்பதாம் தேதி, அந்தப் பக்கத்தில், பருத்தி ஆலையிலிருந்து தள்ளி ஆலைக்காரர்கள் கட்டியிருக்கிற மண்டபத்தில். இரண்டு பக்க அதிகாரிகளும் நாங்களும் ஒருவர் பாக்கியில்லாமல் போனோம். சிசாலே தன் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். யாரையும் நம்பி விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. மலிட்டா பூப்போட்ட புது சித்தெஞ்சே துணியை இடுப்பில் சுற்றியிருந்தாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் சந்தையில், அவளுடைய மகள் எனலேசி தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தக்காளிப் பெட்டியை இழுத்திருக்கிறாள். இருபத்துமூன்று வயசு, அம்மா கூட்டத்துக்குப் போகிற நாளில் கடையை அவள்தான் பார்ப்பாள். பெட்டிக்குப் பின்னால் நாகம் இருந்திருக்கிறது. கெண்டைக்காலில் கொத்திவிட்டது. மூச்சை அடைக்கிற விஷம். அதற்கு மருந்து மிஷன் ஆஸ்பத்திரியில்தான்.

சைக்கிளில் வைத்துக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆலைக்கு போன் போட்டார்கள். இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்து கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. மலிட்டா வாங்கிக்கொடுத்தது எல்லாம் சொன்னபடி வந்தது, அந்தக் கடிதம் தவிர.

கேட்டில் இருந்த காவலர் புதியவர். ஒப்பந்தத்தின் நகல் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நாலாவது பிரிவைப் படித்துக் காட்டினார். சிசாலேயின் உதவியாளர் அழாத குறையாக நின்றார். அவரிடம் முத்திரை இல்லை. நடத்தியாவது தாண்டவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். எல்லைக்காரர்கள் தாண்டுகிற பாஸ் எங்கே என்று கேட்டார் காவலர். எனலேசியின் பாஸ் அவள் அம்மாவின் கைப்பையில், மண்டபத்தில் இருந்தது.

முன்பென்றால் இவ்வளவு பேச்சே கிடையாது. சோளக்கொல்லை வழியாகச் சைக்கிளில் வைத்து, ஒருத்தரையும் கேட்காமல் அந்தப் பக்கம் கொண்டுபோயிருப்பார்கள். எனலேசியின் சித்தி டோரிக்கா அதைத்தான் சொல்லியிருக்கிறாள். எனலேசி கேட்கவில்லை. நாக்கு அப்போதே தடிக்கத் தொடங்கிவிட்டது. "வேணாம் சித்தி. அம்மா நாலு வருஷம் நடந்து வாங்கின வழி இது. அம்மா போன் எடுத்துடுவா, கூப்புடு" என்றாளாம்.

கூப்பிட்டார்கள். எனலேசியின் போனிலிருந்து மலிட்டாவுக்குப் பதினேழு தடவை. சிசாலேவுக்கு ஒன்பது. எனக்கு ஆறு.

கூடை என் காலடியில் இருந்தது. சத்தத்தை நிறுத்திப் போட்ட போன்கள் உள்ளே புர்ர் புர்ர் என்று உறுமுவது என் செருப்பு வரைக்கும் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். மலிட்டாவின் போனில் 'எனலேசி' என்று வெளிச்சம் வந்து வந்து போனது. சந்தையில் விலை கேட்கிறாள்போல என்று நினைத்தேன். என் போனும் மின்னியது. எடுக்கவில்லை. முன்வரிசையில் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்று, கையிலிருந்த ஃபைலைக் கூடையின் மேல் வைத்து மூடினேன். நான்தான் மூடினேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

கம்பம் எந்த நிமிஷமும் தூக்கப்படும் என்று ஆம்புலன்ஸ் இடத்தை விட்டு நகரவில்லை. டோரிக்கா ஒரு மோட்டார் சைக்கிள்காரனை மண்டபத்துக்கு விரட்டினாள். அவன் வண்டிக்கும் தாள் வேண்டும் என்றதும் வண்டியைக் கம்பத்தடியில் போட்டுவிட்டு ஓடினான். வழியில் ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. வாசல் காவலாளி, பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாராம். அவன் உள்ளே வந்தபோது மணி பன்னிரண்டே கால். வியர்வை சொட்ட நடுவில் நின்று, "கேட்டுல எனலேசி" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

சிசாலே காரில் போகும்போதே முழங்காலில் வைத்துக் கடிதம் எழுதினார். கார் குலுங்கி முத்திரை இரண்டு தடவை தப்பாக விழுந்தது. கம்பம் தூக்கப்பட்டது. ஆம்புலன்ஸ் பறந்தது. ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. அம்மாவின் மடியில்தான்.

அடக்கத்துக்கு இரண்டு நாட்டு அதிகாரிகளும் வந்தார்கள். சிசாலே குழந்தைபோல அழுதார். அந்தக் காவலர் கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மலிட்டா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் பக்கம் கூட்டம். வரமாட்டாள் என்று நினைத்தோம், வந்தாள். தலையில் கறுப்புத் துணி. பழக்கதோஷத்தில் எவனோ கூடையை வாசலில் வைத்திருந்தான். அவள் அதைப் பார்த்தாள், தாண்டி வந்து உட்கார்ந்தாள். போன் அவள் உள்ளங்கையில் இருந்தது. ஜெபம் முடிந்தது. முந்தைய கூட்டக் குறிப்பை நான் வாசித்தேன். பாதிக்கு மேல் வேகவேகமாக வாசித்து முடித்தேன். வழக்கம்போலத் தலைவர் திருத்தம் உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாருக்கும் இருக்காது.

மலிட்டா கையைத் தூக்கினாள்.

"லெஸ்டன் தம்பி, பத்து நாப்பதுக்கு யாரு பேசினது?"

எனக்குத் தெரியாதா. "நீங்கதான் அக்கா" என்றேன்.

"என்ன பேசினேன்? படி."

தலைவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். "மணி 10.40. சில்லறை வியாபாரிகள் சார்பில் திருமதி மலிட்டா நன்றி கூறினார். இனி இந்தக் கேட்டில் யாரும் காத்திருந்து சாக வேண்டியதில்லை என்றார். கரவொலி."

அந்த நேரம் முழுக்க டோரிக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சிசாலே எழுந்து நாலாவது பிரிவை நீக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். நீக்குவதற்குத் தலைநகரங்களின் ஒப்புதல் வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்றார் தலைவர். அவரையும் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. நான் எழுதினேன். ஒத்திவைக்கப்பட்டது.

"என் திருத்தம் இன்னும் பாக்கி" என்றாள் மலிட்டா. "யாரும்னு போட்டிருக்க. அதுக்கு முன்னாடி 'என் மக எனலேசி தவிர'ன்னு சேத்துக்கோ."

யாரும் மறுக்கவில்லை. அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்னபடியே, என் நல்ல கையெழுத்தில் சேர்த்தேன். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள், முத்திரை வைத்தார்கள். அடுத்து லாரிகள் நிறுத்துகிற இடம் பற்றிப் பேசினோம்.