அழித்த 'உம்'

என் இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு கார்பன் நகல் இருக்கிறது. மெல்லிய தாள், மடித்த இடங்களில் கிழியத் தொடங்கிவிட்டது. எழுத்துகளின் நீலம் வெளுத்திருந்தாலும் படிக்க முடிகிறது. நான்காவது பத்தியில் 'யாத்ரீகர்களை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு கறை உண்டு. ரப்பரால் தேய்த்த கறை. தாளின் கடைசியில் 'ஒப்பிட்டது' என்ற சொல்லும் அதற்கு எதிரே இரண்டு சுருக்கொப்பங்களும் இருக்கின்றன. ஒன்று நான் போட்டது. மற்றது எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் போட்டது. ஊரில் எல்லோருக்கும் அவர் சானிட்டரி சார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் நகராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் நான் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தேன். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். வேகத்தைவிட என் தமிழைப் பற்றித்தான் எனக்குத் திமிர் அதிகம். பெரிய அதிகாரிகள் எழுதித் தரும் வரைவில் சந்திப் பிழை இருந்தால் கேட்காமலே திருத்திவிட்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் அடித்த தாள் எதுவும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. ஒருவர் அடித்த தாளை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் வரைவில் விரல் வைத்துக்கொண்டு வரிக்கு வரி 'சரி' என்று சொல்ல வேண்டும். கடைசியில் இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். வேலை நெருக்கும் நாட்களில் யாரும் யாருக்கும் படிக்கவில்லை என்பதும், சுருக்கொப்பம் மட்டும் தவறாமல் விழுந்தது என்பதும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சானிட்டரி சார் அந்த விஷயத்தில் ஒரு தொல்லை. நடக்காததைப் பதிவேட்டில் எழுத மாட்டார். அவர் உள்ளே வருவதற்கு முன்பே பிளீச்சிங் பவுடர் வாடை வந்துவிடும். ஒருமுறை 'ஐந்து கிணறுகளில் மருந்து போடப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனவர், ஐந்தாவது கிணற்றுக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்து அப்படியே எழுந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "நாலுன்னு திருத்திட்டா போச்சே சார்" என்றேன். "திருத்தினா கிணறு சுத்தமாயிடுமா மா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நனைந்து திரும்பி வந்துதான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்போது அது வீம்பாகத்தான் பட்டது.

அந்த வருடம் ஐப்பசி மழை ஜாஸ்தி. கிணறுகளில் வெள்ளம் இறங்கியது. சுற்று ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாந்திபேதி தொடங்கிவிட்டது. கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. மலை சுற்ற வரும் ஜனம் வழியெல்லாம் தண்ணீர் குடிக்கும். ஆனால் அந்த வழியில் நகராட்சி எல்லை கொஞ்ச தூரம்தான். அப்புறம் ஊராட்சிகள் வந்துவிடும். நோய் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்காது என்பதால், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையைத் தாண்டியிருந்த ஒரு சின்ன ஊராட்சியோடு நகராட்சி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பள்ளிக்கூடத்தை முகாமுக்கு விடுவது, கிணறுகளைத் திறந்து கொடுப்பது, மருந்து போட ஆட்களைத் தருவது எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. மருந்தும், பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வேனும், திருவண்ணாமலைக்கு வெளியே இருந்த தொற்றுநோய் வார்டில் இடமும் நகராட்சியின் பொறுப்பு. இரண்டு மன்றங்களிலும் தீர்மானம் ஆயிற்று. வரைவைச் சானிட்டரி சார்தான் தம் கையால் எழுதினார்.

நான்காவது பத்தியை அவர் மூன்று வரியாக எழுதியிருந்தார். முதல் வரி 'பாதையில் நோய்வாய்ப்படும் யாத்ரீகர்களையும்' என்று முடிந்தது. இரண்டாவது வரி 'பாதையை ஒட்டி வாழும் ஊராட்சிக் குடிமக்களையும்' என்று முடிந்தது. மூன்றாவது வரி 'நகராட்சி வாகனம் ஏற்றிச் சென்று' என்று தொடங்கியது. இரண்டு வரியும் 'களையும்' என்று முடிந்ததால் என் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. இது எந்த டைப்பிஸ்டுக்கும் நடக்கக்கூடியதுதான். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு மட்டுமே உரியது. அடித்து முடித்துப் பார்த்தபோது 'யாத்ரீகர்களையும் நகராட்சி வாகனம்' என்று இருந்தது. அந்த 'உம்' ஒற்றைக் காலில் நின்றது. அதற்கு ஜோடி எங்கே என்று வரைவைப் பார்த்திருக்க வேண்டும். நானோ, சாருக்கு எண்ணும்மைகூடச் சரியாக வரவில்லை என்று நினைத்து, அசல் தாளிலும் நகல்களிலுமாக அந்த 'யும்'மை ரப்பரால் தேய்த்து எடுத்தேன். வாக்கியம் அழகாகிவிட்டது. வெளியே ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போடக் காத்திருந்தார். யாரும் யாருக்கும் படிக்கவில்லை. 'ஒப்பிட்டது' என்ற இடத்தில் என் சுருக்கொப்பத்தை மட்டும் போட்டு அனுப்பினேன்.

திருவிழா கொடியேறிய இரண்டு மூன்று நாளில் அந்த ஊரில் ஒரு பெரியவருக்கு வாந்திபேதி கண்டது. எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் தயிர் கொண்டுவரும் அம்மாவின் மாமனார் அவர். வேன் அவர்களுடைய பள்ளிக்கூடத்து வாசலிலேயே நின்றது. டிரைவர் தம்மிடம் இருந்த நகலைக் காட்டினார். "தாள்ல யாத்ரீகருனுதான் போட்டிருக்கு. வார்டுல எடம் கம்மி, மத்தவங்கள ஏத்தினா என்னைக் கேப்பாங்க" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. இத்தனை ஜனத்துக்கு ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, தாளில் இருப்பதைத் தாண்டப் பயந்தவர். பெரியவரை மாட்டு வண்டியில் போட்டு வேனைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டி பாதையிலிருந்து காஞ்சி ரோட்டில் ஏறும் இடத்தில், ஒரு புளியமரத்துக்கு அருகில் அவர் இறந்துபோனார்.

மறுநாள் காலை ஊராட்சித் தலைவர் வந்து தம்முடைய நகலை மேஜைமேல் அறைந்தார். "பள்ளிக்கூடத்த குடுத்தோம், கெணத்த குடுத்தோம், ஆளுங்கள குடுத்தோம். வெளியூர்க்காரன் வாந்தி எடுத்தா வண்டி, எங்க ஆளு எடுத்தா கெடையாதா? இன்னிக்கே எங்க ஆளுங்கள நிறுத்திடறேன். நீங்களே வந்து மருந்து போட்டுக்குங்க" என்றார். கூட்டத்தில் பேசியது வேறு, எழுதியது வேறு என்றும் சொன்னார். சானிட்டரி சார் கோப்பிலிருந்து தம் வரைவை எடுத்தார். பிறகு நகலை எடுத்தார். அந்தக் கறைமேல் அவர் விரல் போய் நின்றது. நான் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்பதும், அதில் என் ரப்பருக்குப் பங்கு இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தன. சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

திருத்தம் செய்ய இரண்டு மன்றங்களும் மறுபடி கூடித் தீர்மானம் போட வேண்டும். தீபம் முடியும்வரை கூட்டம் கூட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். டிரைவரை வரவழைத்திருந்தார் சார். பதிவேட்டில் பெயர் எழுதும்போது ஊராரையும் யாத்ரீகர் என்றே போட்டுக்கொள்ளலாமே என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன். பொய் எழுத யோசனை சொன்னதற்கு அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டிரைவரைப் பார்த்து, "யாத்ரீகர்னா யாருப்பா?" என்று கேட்டார்.

"மலை சுத்துறவங்க சார்."

"அவ்ளோதானே. அந்த ஊர்லேர்ந்து ஆளை ஏத்தினா மலையை வலப்பக்கம் வச்சு காஞ்சி ரோடு வழியா வார்டுக்கு வா. கொணமானதும் செங்கம் ரோடு வழியா கொண்டுபோய் வீட்ல விடு. முழுசா ஒரு சுத்து ஆயிடும்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வர்றப்ப பாதிதானே சார் ஆயிருக்கும்? அப்பவே யாத்ரீகர்னு எழுதலாமா?"

"சுத்த ஆரம்பிச்சுட்டா யாத்ரீகர்தான். மீதிய முடிக்க ஆள் பொழைக்கணும், பாத்து ஓட்டு."

ஊராட்சித் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று ஓர் ஆளைப் பறிகொடுத்த கோபத்தோடு வந்தவர், சிரித்ததற்கு வெட்கப்பட்டவர்போல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிணற்றில் மருந்து போடும் ஆட்களை அவர் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அந்த வேன் ஊராரைக் காஞ்சி ரோடு வழியாக ஏற்றி வந்தது. திரும்பும்போது, சுற்று வழி என்றாலும், ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோடு வழியாகத்தான் கொண்டுபோய் விட்டது. குறுக்கே விட்டுவிடலாமா என்று டிரைவர் ஒருநாள் கேட்டதற்கு, "அப்ப நான் எழுதினது பொய்யாயிடும்" என்றார் சார்.

தயிர்க்கார அம்மாவும் அப்படித்தான் வந்தார். மாமனாரைப் பார்த்துக்கொண்டவருக்கு நோய் தொற்றியிருந்தது. வார்டில் மருந்துத் தண்ணீர் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது வழியிலுள்ள லிங்கங்களுக்கெல்லாம் வேனில் உட்கார்ந்தபடியே கும்பிடு போட்டுக்கொண்டு போனாராம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'யாத்ரீகர்' என்று சாரின் கையெழுத்தில் இருந்தது. மாமனாரின் பெயர் அதில் இல்லை. அவர் வேனில் ஏறவில்லை, வார்டுக்கு வந்து சேரவுமில்லை.

தீபம் முடிந்து ஜனம் கலைந்த பிறகு, சார் ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். "அந்த நகல எடுத்துட்டு வாங்கம்மா, ஒப்பிட்டுடலாம்" என்றார். என்னிடம் மிச்சமிருந்த நகலைத்தான் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகு என்ன ஒப்பிடுவது? அவர் வரைவை முன்னால் வைத்து முதல் வரியில் விரல் வைத்தார். நான் படித்தேன். வரிக்கு வரி 'சரி' என்றார். நான்காவது பத்தியில் 'யாத்ரீகர்களை நகராட்சி வாகனம்' என்று படித்தபோது 'சரி' வரவில்லை. நான் காத்திருந்தேன். விரலை மூன்றாவது வரிக்கு நகர்த்திவிட்டு "மேல படிங்க" என்றார். கடைசிவரை படித்தேன். தம் பேனாவை எடுத்து என் சுருக்கொப்பத்துக்குப் பக்கத்தில் தம்முடையதைப் போட்டார். அலுவலகக் கோப்பில் இருந்த பிரதியிலும் போட்டார். "இப்ப நானும் ஒப்பிட்டாச்சு" என்றார்.

சில வாரம் கழித்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எனக்கு மேலதிகாரி என்பதால் சாரின் பெயருக்குத்தான் வந்தது. அதற்கு அவர் எழுதிய பதிலை நானே அடித்தேன். 'வரைவில் இருந்த ஒரு வரி தாளில் விடுபட்டது உண்மை. ஒப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.' அவ்வளவுதான். எப்போது ஒப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து அவருக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. அதே நாற்காலியில்தான் ஓய்வு பெற்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

தயிர்க்கார அம்மா பாதி உடம்பாகி மறுபடி வரத் தொடங்கினார். சில நாள் தயிர் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தேன். பிறகு ஒருநாள் தாங்க முடியாமல், அந்த வரியை விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் தயிரை அளப்பதை நிறுத்தவில்லை. "எழுத்து கிழுத்து எனக்குத் தெரியாது டைப்பம்மா. அந்த வண்டி எங்க பள்ளிக்கூடத்துலதான் நின்னுச்சு. அதத் தாண்டித்தான் அவர ஓட்டிக்கினு போனோம். அத நான் மறக்க மாட்டேன்" என்றார். பாத்திரத்தை மூடிக் கூடையில் வைத்துவிட்டு, "வருசா வருசம் மலை சுத்துவாரு. இந்த வாட்டி பாதியோட நின்னுட்டாரு. நீங்க வோணா மீதிய சுத்திடுங்க" என்றார். பாதி என்று அவர் சொன்னாலும் மீதிதான் ஜாஸ்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் புளியமரத்திலிருந்து நடக்கத் தொடங்கி, ஊருக்குள் வந்து, செங்கம் ரோடு பிடித்து, ஆசிரமம், அடி அண்ணாமலை எல்லாம் தாண்டி அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் எண்பதுகள் வரைக்கும் ஒவ்வொரு தீபத்துக்கும் அந்த உடன்படிக்கையைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும், விடுபட்ட வரியையும் சேர்த்து, நான்தான் அடித்தேன். சார் ஓய்வு பெறும்வரை நான் படிக்க அவர் விரல் வைத்து ஒப்பிடுவார். நான்காவது பத்தி வந்ததும் நான் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்திப் படிப்பேன். அவர் வேண்டுமென்றே கொஞ்சம் உரக்க 'சரி' என்பார். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இப்போது கிரிவலப் பாதை முழுக்க விளக்கும் கடையும். ஆம்புலன்ஸ் யாரையும் நீ யாத்ரீகரா என்று கேட்பதில்லை. சார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. தீபத்துக்கு முந்தின நாள் நான் பெட்டியைத் திறந்து அந்த நகலை எடுத்து உரக்கப் படிப்பேன். கறை இருக்கும் இடத்துக்கு வந்ததும், தாளில் இல்லாததைச் சேர்த்தே படிக்கிறேன்: 'யாத்ரீகர்களையும், பாதையை ஒட்டி வாழும் ஊராட்சிக் குடிமக்களையும்.' படித்துவிட்டு வழக்கம்போல் ஒரு கணம் நிறுத்துகிறேன். 'சரி' என்று சொல்ல ஆளில்லை.