மூன்று மாதத்துக்கு ஒரு தரம்

மலையை விட்டு இறங்குவதென்றால் எனக்கு வாந்தி என்றுதான் அர்த்தம். மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தம் வரைக்கும் ஜீப்பில் எப்படியோ தாக்குப்பிடித்துவிடுவேன். அங்கே சேலம் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வயிறு புரண்டு வரும். அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்துவாள். இத்தனைக்கும் வைத்தியம் எனக்கல்ல, அவளுக்கு. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு அப்போது எட்டு வயது.

தம்பி பிறந்த பிறகு அம்மாவின் ஈறுகள் வீங்கிவிட்டன. பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம். கீழ்வரிசையில் ஒரு பல் ஆடவும் ஆரம்பித்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா கிராம்பு, படிகாரம், வேப்பங்குச்சி என்று ஊரார் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் எங்களைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே பல் டாக்டர் இருந்தார். அம்மாதான் கடைவீதிக்குள் ஒரு குறுகலான மாடியில் இருந்த டாக்டரம்மாவிடம் போக வேண்டும் என்றாள்.

டாக்டரம்மா பல்லடியில் கெட்டிப்பட்டிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். ஈறைக் கீறிச் சுத்தம் செய்து தையலும் போட்டார். வீக்கம் வற்றியது. ரத்தம் நின்றது.

“இனி ஒண்ணும் பயமில்லைங்களே?” என்று அப்பா கேட்டார்.

“கொணமாயிருச்சுன்னு உட்டுறாதீங்க. இது அடங்கித்தான் இருக்குது. நாம அசந்தா திரும்ப வந்துரும்,” என்றார் டாக்டரம்மா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “உங்கூட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சுங்களா?” என்றார்.

அம்மா அப்பாவைப் பார்க்காமல் பதில் சொன்னாள். “எங்கப்பாவுக்குங்க. நாப்பது வயசுக்குள்ள எல்லாப் பல்லும் போயிருச்சுங்க.”

அம்மாவுக்கு ஓர் அப்பா உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. செத்துப்போயிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதன்பிறகு அம்மா தன் வாயை ஒரு கைக்குழந்தையைப் போலக் கவனித்துக்கொண்டாள். மெத்தென்ற பிரஷ்ஷை, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, வலிக்காமல் தேய்ப்பாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் தேய்ப்பாள். பல்லிடுக்கில் டாக்டரம்மா கொடுத்த நூலை விட்டு எடுப்பாள். தண்ணீரைத் தொட்டாலே விரல் மரத்துப்போகும் மார்கழியிலும் இதில் ஒன்றும் தவறாது. மூன்று மாதம் ஆனதும் சேலத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

“வலியே இல்லியே. எதுக்குப் போகோணும்?” என்பார் அப்பா.

“வலி வந்தப்பறம் போயி என்ன பண்றதுங்க?” என்பாள் அம்மா.

டாக்டரம்மா பார்த்து அனுப்பியதும் நேரே பஸ்ஸுக்குப் போக மாட்டாள். மாடிப்படியை விட்டிறங்கி அங்கேயே ஒரு தூணோரம் நின்றுவிடுவாள். “பல்லு கூசுது கண்ணு, செத்த நின்னுட்டுப் போலாம்,” என்பாள். பல் கூசுவதற்கும் தெருவில் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு பாத்திரக்கடை. அதன் வாசலில் பித்தளைச் சொப்புகள் சரம் சரமாகத் தொங்கும். ஒருநாள் பொறுமையிழந்து அம்மாவின் கையை உதறிவிட்டு அவற்றைப் பார்க்கத் தெருவைத் தாண்டி ஓடினேன். அம்மா என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கல்லாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சொம்பு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல்லில்லாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“எந்த ஊரு சாமி?”

“ஏற்காட்டுப் பக்கமுங்க. மஞ்சக்குட்டை.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “இங்க எதுக்கு வந்தீங்க?”

“எங்கம்மாவுக்கு ஈறு வியாதிங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா காட்டோணும். இல்லாட்டி எல்லாப் பல்லும் உழுந்துருமாம். எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் ஆச்சாம்.”

பெரியவர் எழுந்து வாசலுக்கு வந்தார். எதிரே அம்மா அசையாமல் நின்றிருந்தாள். நடுவில் சைக்கிள்களும் வண்டிகளும் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஒரு காலைப் படியில் இறக்கினார். பிறகு மேலே எடுத்துக்கொண்டார்.

“இப்ப ரத்தம் வருதா அவளுக்கு?”

“இல்லீங்க.”

“உடாம வரச் சொல்லு கண்ணு. நல்லாயிருச்சுன்னு நின்னுறக் கூடாதுன்னு சொல்லு.”

பஸ்ஸில் அம்மா அதை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எழுந்து வந்தபோது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாரா என்றெல்லாம் கேட்டாள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவர்தான் அம்மாவின் அப்பா. வேறு மதத்துக்காரரான என் அப்பாவைச் சர்ச்சில் வைத்து அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கடையும் வீடும் அவளுக்கு இல்லையென்று ஆகிவிட்டன. இது எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் அவர் கடைவாசலில் நிற்பார். அவர் இறங்கி வந்ததில்லை. அம்மாவும் தெருவைத் தாண்டியதில்லை.

பிறகொரு முறை டாக்டரம்மா அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு, “நொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்,” என்றார். வாந்தியில் பாதி குறைந்ததென்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவின் முகம் மட்டும் வாடிவிட்டது.

“மூணு மாசமே இருக்கட்டுங்களே,” என்றாள்.

“தேவையே இல்லீங்க. மலையிலிருந்து எதுக்கு வீணா அலையறீங்க?” என்று சிரித்தார் டாக்டரம்மா.

கீழே வந்தோம். பெரியவர் நின்றிருந்தார். அம்மா அன்று தூணோரம் நிற்கவில்லை. தெருவின் விளிம்பு வரைக்கும் போனாள். முகத்தை நிமிர்த்தி, உதடுகளை நன்றாக விரித்து, இரண்டு வரிசைப் பல்லும் தெரிய அவரைப் பார்த்து நின்றாள். அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

யாரோ ஒரு கடைக்காரரிடம் தெருவில் நின்று பல்லைக் காட்டுகிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ் போய்விடும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.