டேங்க் மட்டும்தான் போயிருந்தது

கீழ்க்கட்டளையில் எங்களுக்கு மிச்சமிருந்த நிலத்தையும் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுத்த வருடம், அந்தப் பணத்தில் என் கணவர் பழைய வெளிநாட்டு ஜீப் ஒன்றை வாங்கி வந்தார். காடு மலையெல்லாம் ஏறும் வண்டி. உள்ளே தோல் சீட். சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகள். பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்க வசதியாக வண்டி தாழும், மறுபடி அழுத்தினால் எழும். நான் கார் ஓட்டப் பழகியதே அதில்தான்.

பல்லாவரத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்க, என் கணவர் பெருமையாகப் பொத்தானை அழுத்தினார். வண்டி அழகாகத் தாழ்ந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எழவில்லை. எத்தனை தடவை அழுத்தியும் அடியில் ஏதோ உறுமியதே தவிர, வண்டி அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், வண்டி கும்பிட்டுகினு கீது?"

மண்டபமே சிரித்தது. அப்படியே தரையோடு தரையாக, ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு இடிக்க இடிக்க வீடு வந்தோம். மறுநாள் அவர் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, பைகள், குழாய்கள், மோட்டார் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றவேண்டும் என்றார்கள். அவருடைய அண்ணன், "இரும்புக் கடைக்காரன் ஒருத்தன் கேக்கறான், தள்ளிவிட்ருவோம்" என்றார். இவரும் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் நிலத்துக்குப் பதிலாக வாசலில் நிற்பது அந்த வண்டி. நாலு பேர் சிரித்தார்கள் என்று அதை எடைக்குப் போடுவதா? தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தேன். உறுமலுக்கு நடுவே மெல்லிய சீறல். மோட்டார் அடைக்க அடைக்கக் காற்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கவாட்டில் படுத்து, கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் தடவினேன். காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்கின் அடிப்பக்க இணைப்பில், துருவுக்குள்ளிருந்து நுரை பொங்கிக்கொண்டே வந்தது.

"என்னங்க, டேங்க்தான் ஓட்டை. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"தெரு பாக்குது, எழுந்து வா" என்றார்.

"பாக்கட்டும்."

இரும்புலியூரில் லாரிகளுக்கு ஏர் பிரேக் பார்க்கும் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் டேங்கைத் தட்டிப் பார்த்தார்.

"வெல்டிங் அடிச்சுடலாம்க்கா. இத்துக்குப் போய் பேஜார் பண்ணிகினு..."

"காத்து அடைக்கிற டேங்க் அண்ணா. வெல்டிங் வெச்ச இடத்துல பிச்சுக்கிட்டா? என் பிள்ளைங்க அதுக்கு மேலதான் உக்காரும். வேற டேங்க் கொண்டாந்தா மாட்டுவீங்களா?"

"கிடைச்சா மாட்றேன்" என்றார், கிடைக்காது என்கிற குரலில்.

மறுநாள் பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை கடையாக நுழைந்தேன். ஒரு சந்துக்குள் எங்கள் வண்டி மாதிரியே இரண்டு, பிரித்துப் போட்டுக் கிடந்தன. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்ல ஆம்பளைங்க இல்லியா?"

"இருக்காங்க. டேங்க்தான் இல்ல."

காற்றடித்துத் தண்ணீர் டிரம்மில் முக்கிக் காட்டினால்தான் வாங்குவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே முக்கினார். முதல் டேங்கில் குமிழி குமிழியாக வந்தது. அவர் அதைத் துடைத்து நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவதில் ஒரு குமிழிகூட வரவில்லை.

திரும்பும்போது பெண்கள் பெட்டியில் டேங்கை மடியில் வைத்திருந்தேன். புடவையெல்லாம் துரு. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்:

"இன்னாம்மா அது, கேஸ் சிலிண்டரா?"

"காருக்குக் காத்து டேங்க்மா."

"நீயா மாட்டப் போறே?"

"மாட்டத் தெரிஞ்சவரு இருக்காரு. நான் பக்கத்துல நிப்பேன்."

"நில்லு நில்லு" என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அதுதான்.

மெக்கானிக் முதலில் வண்டிக்கு முட்டுக் கொடுத்தார். மிச்சமிருந்த காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே குழாய்களைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட் ஒன்று பாதியில் முறிந்தது. அதைத் துளைபோட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, என் கணவரின் அண்ணன் அந்த இரும்புக் கடைக்காரரோடு வந்து நின்றார். கழற்றிப் போட்டிருந்த டேங்கைக் காலால் தள்ளினார்.

"பிரிச்சே போட்டாச்சா? நீ சொல்லுடா, இன்னைக்கே ஏத்தி அனுப்பிடலாம்" என்றார் தம்பியிடம்.

என் கணவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"விக்கலை மாமா" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை. இன்னொரு தடவையும் சொன்னேன். "விக்கலை."

"அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்று கிளம்பிப் போனார். இரும்புக் கடைக்காரர் மட்டும் சற்று நின்று வேடிக்கை பார்த்தார்.

வாங்கி வந்த டேங்கை மாட்டி, குழாய்களைச் செருகி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினோம். நுரை வரவில்லை. முட்டுகளை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பின்பக்கம் லேசாக ஒரு அசைவு. முன்பக்கமும் தொடர்ந்தது. அந்தப் பெரிய உடம்பு சக்கரங்களை விட்டு மெதுவாக மேலே வந்தது.

"ஏறிகிச்சுக்கா!" என்றார் மெக்கானிக்.

என் கணவர் ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்து சாவிக்காகக் கை நீட்டினார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க" என்றேன்.

ஏறினார். பள்ளிக்கரணை வரைக்கும் நான்தான் ஓட்டினேன். கொஞ்ச நாளில் பின்பக்கக் காற்றுப் பை ஒன்று விரிசல் விட்டு, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அன்னைக்கே சொன்னேனே" என்றார் அண்ணன். நான் புதுப்பேட்டைக்கு ரயில் ஏறினேன்.