இதயம் மட்டும் போட்டவர்

போன வாரம் எங்கள் மலையூர் ரிங்லெட்டில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்துக்காரி காசு கொடுத்து டீ குடிக்கிறாளே என்று சிரிக்காதீர்கள், நான் போடும் டீயை நானே குடிக்கமாட்டேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் கைப்பேசியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி அவளுக்கு ஏதோ தொடர்கதை வாசித்தது. கண்ணீருக்கும் கல்யாணத்துக்கும் ஒரே தொனிதான் அந்த இயந்திரக் குரலுக்கு. கேட்டதும் பார்வதியக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி, வேலைக்குச் சேர்ந்த புதிது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் எனக்குப் பிடித்த ஜோடியைப் பிரித்துவிட்டார்கள். பொறுக்கவில்லை. ரசிகர்கள் கதை எழுதும் இணையத்தளம் ஒன்றில், புனைபெயரில், நானே அவர்களைச் சேர்த்துவைக்கக் கிளம்பினேன். என்ன துணிச்சல் பாருங்கள்! முதல் அத்தியாயத்திலேயே இருவரையும் மழையில் நனையவிட்டேன். எங்கள் மலையில் மழைக்கென்ன பஞ்சம்.

அங்கே பிடித்த கதைக்குக் கீழே இதயத்தைத் தட்டுவார்கள். அது சும்மா தலையாட்டுகிற மாதிரி. உண்மையான மரியாதை கருத்துப் பெட்டியில் இருந்தது. ‘நான்தான் ஃபர்ஸ்ட்’ என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுவார்கள் சிலர். ‘சிஸ், அடுத்த எபி எப்போ?’ ‘அவன அழவைக்காதீங்க சிஸ், பாவம் லா.’ பிடித்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே அழுகிற முகங்களை வரிசையாக அடுக்குகிறவர்களும் உண்டு. அதையெல்லாம் படித்துக்கொண்டே எத்தனையோ நாள் மதியச் சோற்றை ஆறவிட்டிருக்கிறேன்.

ஒருவர் மட்டும் இதயத்தோடு நிறுத்திக்கொள்வார். பெயர் கிடையாது, ஒரு செம்பருத்திப் படம்தான். எந்த அத்தியாயத்துக்கும் இதயம் தவறியதில்லை, ஒரு வார்த்தை எழுதியதுமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் ஒருநாள் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு குறிப்புப் போட்டேன்: ‘மௌன வாசகர்களே, இரண்டு வரி எழுதாதவர்கள் இனி என் கதையைப் படிக்க வேண்டாம்.’

மறுநாள் கருத்துகள் கொட்டின. செம்பருத்தியைக் காணோம். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பார்வதியக்கா ஆபீசுக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர், எதற்கும் கைநாட்டுதான். “தங்கச்சி, போன்ல எடம் இல்லையாம். எதையாச்சும் அழிச்சிக் குடு” என்று நீட்டினார். திறந்தால் எங்கள் தளத்தின் செயலி. மூலையில் அந்தச் செம்பருத்தி.

“இது என்னக்கா?”

“ஈப்போலேருந்து வந்தப்ப மக போட்டுக் குடுத்தது. போனே கதைய படிக்கும், நான் கேப்பேன். முடிஞ்சதும் இந்த ஹார்ட்ட அமுக்கும்மா, எழுதுற புள்ளைக்கு சந்தோசமா இருக்கும்னா. இப்ப கேக்கறதில்ல. அதையே அழிச்சிரு.”

“ஏன்க்கா?”

“ரெண்டு வரி எழுதாதவங்க படிக்க வேணாம்னு அந்தப் புள்ளையே சொல்லிருச்சு. நான் எங்க போயி எழுதறது லா?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “அவங்க ஏதோ கோவத்துல போட்டிருப்பாங்கக்கா. நீங்க பாட்டுக்கு கேளுங்க” என்றேன்.

“வேணாம் தங்கச்சி. வராதன்னு சொன்ன வீட்டுக்கு எதுக்குப் போவணும்? ஆனா நல்லா எழுதும் அந்தப் புள்ள. அவன் வாசல் வரைக்கும் வந்துட்டு கதவ தட்டாம திரும்பிப் போனான் பாரு, அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.”

அப்படி ஒரு கருத்து எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அந்தப் புள்ள நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா கேட்டபடியே அழித்துக் கொடுத்துவிட்டேன்.

குறிப்பை அன்றே எடுத்துவிட்டேன். யாருக்காக எடுத்தேனோ அவருக்கு அது தெரிய வழியில்லை. அக்கா பிறகு மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். அவர் இருந்த லைன் வீட்டில் இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தளத்தையும் மூடிவிட்டார்கள், கருத்துகளும் அழுகிற முகங்களும் அதோடு போயின. கதை மட்டும் என் கணினியில் பாதியில் நிற்கிறது. அக்கா கேட்பதை நிறுத்தினார் என்று தெரிந்த பிறகு எனக்கு அதை எழுத வரவில்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.